கட்டுச்சோற்றுக்குள் எலி

யுனிகோடு தமிழ் வந்த புதிதில் "கொ" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் சீத்தா கேம்ப் சைபர் கஃபேயில் எல்லாப் பெட்டியும் விண்டோஸ் 98. இங்கிருந்து தம்பிக்குத் தமிழில் மடல் போட்டால், "ஒண்ணும் படிக்க முடியலண்ணே, இங்கிலீஷ்லயே எழுது" என்று பதில் வரும்.

அதற்கு அன்று கைக்குக் கை மாறிய மருந்து ஒரு கோப்பு: யுஎஸ்பி10.டிஎல்எல். (பென்டிரைவ் யுஎஸ்பி இல்லை மக்கா! யுனிஸ்கிரைப் என்ற மைக்ரோசாஃப்ட் நூலகம். எழுத்துகளைக் கோர்த்துக் காட்டுவது அதன் வேலை.) விண்டோஸ் 2000-இல் தமிழுக்கு ஆதரவு வந்துவிட்டது. பழைய பெட்டிக்காரர்கள் இந்தக் கோப்பின் புதிய பதிப்பை எங்கிருந்தாவது எடுத்து, மென்பொருள் இருக்கும் அடைவுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். நிரலி பொதுவாகத் தன் அடைவில் முதலில் தேடும், சிஸ்டம் அடைவுக்கு அப்புறம்தான் போகும். தமிழ் அழகாகத் தெரிந்தது. அன்று அதை விட்டால் வேறு வழியும் இல்லை, யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 2010 செப்டம்பர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்10-063 என்ற அறிவிப்பை வெளியிட்டது. அதே யுனிஸ்கிரைப்பில் ஓட்டை. விஷமமாகச் செய்த எழுத்துரு ஒன்றை ஆவணத்திலோ வலைப்பக்கத்திலோ பொதித்து வைத்தால், திறப்பவரின் கணினியையே பிடித்துவிடலாம். விண்டோஸ் அப்டேட் சிஸ்டம் அடைவில் இருந்ததைச் சரிசெய்தது. ஆபீஸுக்குத் தனி ஒட்டு வந்தது. நாம் கையால் போட்டுவைத்த பிரதி? அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாதே!

புதுக்கதையும் இல்லை. சரியாக ஆறு வருடம் முன்பு, 2004 செப்டம்பர் 14 அன்று, ஜேபெக் படங்களைத் திறக்கும் ஜிடிஐபிளஸ் நூலகத்திலும் இதே கூத்து. பல மென்பொருள்கள் அதைத் தங்களோடு சேர்த்துக் கட்டியிருந்ததால், எங்கெங்கே பிரதி இருக்கிறது என்று தேட மைக்ரோசாஃப்டே ஒரு கருவி தர வேண்டி வந்தது. 2002 மார்ச்சில் இஸட்லிப் ஓட்டை வந்தபோது லினக்ஸ்காரர்கள் பொதுவில் இருந்த ஒரு நூலகத்தை மாற்றினார்கள், அதை நம்பியிருந்த நிரலிகள் எல்லாம் பிழைத்தன. உள்ளுக்குள்ளேயே இஸட்லிப்பைச் சேர்த்துத் தைத்த நிரலிகளைத்தான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

இன்று மேக்குக்கு மென்பொருள் எழுதும் பையன்கள் ஹோம்பிரூவிலிருந்து நூலகத்தை அப்படியே அள்ளிப் பெட்டிக்குள் போடுகிறார்கள். அந்த நூலகத்துக்குள் அதன் பழைய விலாசம் எழுதியிருக்கும். 1976 எமர்ஜென்சியில் ஜனதா காலனியை இடித்து எங்கள் ஆட்களை சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து போட்டார்களே, அதற்கப்புறமும் ரேஷன் கார்டில் ஜனதா காலனி என்றே இருந்தால் எப்படி? அந்த மாதிரி. எழுதியவர் கணினியில் ஹோம்பிரூ இருப்பதால் ஓடும், வாங்கியவர் கணினியில் படுத்துவிடும். விலாசத்தை மாற்றினாலும் தீராது. அந்த நூலகம் எழுதியவருடைய மேக் பதிப்புக்கென்று கட்டப்பட்டது, பழைய மேக்கில் ஓடாமல் போகலாம். ஜிபிஎல் நூலகம் என்றால் உங்கள் மூல நிரலையும் திறக்க வேண்டி வரும்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. "பிரூ அப்கிரேட்" என்று அடித்தால் உங்கள் கணினி மட்டும்தான் புதுசாகும். வாடிக்கையாளரிடம் போன பெட்டிக்குள் பழைய பதிப்பு அப்படியே இருக்கும். சேர்த்துக் கட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. சோதித்துப் பார்த்த அதே பதிப்புதான் வாடிக்கையாளரிடமும் ஓடும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் கட்டிய கைதான் அவிழ்த்தும் கட்ட வேண்டும்.

2023 செப்டம்பரில் (மறுபடி செப்டம்பர்!) லிப்வெப்பி என்ற பட நூலகத்தில் ஓட்டை. குரோமும் ஃபயர்பாக்ஸும் உடனே புதுப்பித்துக்கொண்டன. எலக்ட்ரான் மீது கட்டிய ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் குரோமியத்தின் பிரதி ஒன்று, அதற்குள் லிப்வெப்பி. ஒரு கணினியில் அப்படி ஐந்து மென்பொருள் இருந்தால், ஐந்து பேரும் தனித்தனியாகப் புதிய பதிப்பு விடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.