செப்பனிடும் கை: ஒரு கண்ணாடியும் ஒரு வளையமும்

இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் இங்கே உப்பலில்தான் இருக்கிறது. அத்துறையின் பழங்கருவிகளைப் பற்றிப் படிக்கையில் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு தொலைநோக்கி எப்போது உண்மையில் சாகிறது? கைதவறி விழும்போதா, அல்லது அதைச் சீர்செய்யத் தெரிந்தவர் அருகில் இல்லாதபோதா? 19ஆம் நூற்றாண்டின் இரண்டு விபத்துகளை அருகருகே வைத்தால் விடை தெளிவாகும்.

முதலாவது, துடைக்கப் போய்க் கெட்ட கதை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்காக டப்ளினில் தாமஸ் கிரப் 1868இல் ஒரு பெருந்தொலைநோக்கியைச் செய்து முடித்தார். (நம் நிஜாமியா வான்காணகத்தின் 15 அங்குலத் தொலைநோக்கியும் கிரப் நிறுவனத்தின் படைப்பே.) மெல்பர்ன் கருவியின் ஆடி 4 அடி விட்டமுடையது, செம்பும் வெள்ளீயமும் கலந்த ஸ்பெகுலம் என்னும் உலோகத்தால் ஆனது. கடற்பயணத்தில் மங்காதிருக்க அதன்மீது அரக்குப் பூசி அனுப்பினார்கள். மெல்பர்னில் அந்த அரக்கைக் கரைத்து நீக்கும்போது ஆடியின் மெருகு கெட்டது. வானியலர் ஆல்பர்ட் லெ சூயர் மீண்டும் மெருகேற்ற முயன்றார். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. 1870இல் அவர் பதவி விலகினார்.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. உலோக ஆடியில் மெருகேற்றுவதும் வடிவம் கொடுப்பதும் ஒரே செயல். மங்கலைப் போக்கத் தேய்த்தால் வளைவும் மாறும். வளைவு மாறினால் விண்மீன் புள்ளியாகத் தெரியாது. கண்ணாடிமேல் வெள்ளி பூசும் முறை 1850களிலேயே வந்துவிட்டது. அதில் பழைய வெள்ளியைக் கரைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். அடியிலுள்ள வளைவு அப்படியே இருக்கும். மெல்பர்ன் கருவிக்கோ உலோகத்தையே தேர்ந்தார்கள். ஆடி கப்பலேறிவிட்டது, அதை உருவாக்கிய கைப்பழக்கம் டப்ளினிலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது கதை தஞ்சாவூரில், 1808இல் நடந்தது. வில்லியம் லாம்டனின் பெரிய தியோடலைட், அதாவது தொலைநோக்கி பொருத்திய கோணமானி, அரை டன் எடையுள்ளது. லண்டனில் கேரி செய்தது. வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலிடம் சிக்கி, மொரீசியஸ் போய், பின்னர் 1802இல் சென்னை சேர்ந்தது. சமவெளியில் தொலைவு பார்க்க உயரம் வேண்டும். எனவே தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அதைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. 3 அடி விட்டமுள்ள, கோணம் குறித்த வளையம் நெளிந்துபோயிற்று.

லாம்டன் கருவியை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் புகுந்தார். தலைமைத் தொழிலாளிகளைத் தவிர எவருக்கும் உள்ளே அனுமதியில்லை. ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, நெளிந்த வளையத்தை அந்த வட்டத்துக்குள் பொருந்தும்வரை சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தினார்கள். 6 வாரங்கள். பிறகு அதே கருவி மீண்டும் அளக்கப் போயிற்று.

‘செப்பனிடுதல்’ என்ற நம் சொல் இதற்கு எத்தனை பொருத்தம்! செப்பம் என்றால் நேர்மை. நடுநிலை என்றும் பொருள் உண்டு. கோணலை நேராக்குவதே செப்பனிடுதல். தஞ்சாவூரில் நடந்தது சொல்லின் நேர்ப்பொருளிலேயே செப்பனிடுதல்தான்.

விபத்தின் அளவைப் பார்த்தால் தஞ்சாவூர்க் கருவிதான் அழிந்திருக்க வேண்டும். மெல்பர்ன் ஆடிக்கு நேர்ந்தது வெறும் துடைப்பு. முடிவு தலைகீழாக அமைந்ததற்குக் காரணம், அருகிலிருந்த கைகள்.

பின்னாளில் ஜார்ஜ் எவரெஸ்ட் இதை உணர்ந்திருந்தார். ஹென்றி பாரோ என்ற கருவியாளரை இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவுக்கு வரவழைத்து லாம்டனின் தியோடலைட்டைப் புதுப்பித்தார். பாரோ போனபின் அவர் இடத்துக்கு வந்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மொஹ்சின். சிகரத்தின் பெயரால் எவரெஸ்டை உலகறியும். அவர் கருவிகளைக் காத்த ஆர்க்காட்டுக்காரரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தஞ்சாவூர்க் கூடாரத்துத் தொழிலாளிகளை நாம் பெயர் சொல்லி அழைக்கவும் வழியில்லை.

இன்றும் பழைய கல்லூரிகளின் ஆய்வகங்களில் பித்தளைத் தொலைநோக்கிகளும் தியோடலைட்டுகளும் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றைக் காணும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உலர்ந்த துணியால் வில்லையைத் துடைக்காதீர்கள், தூசியில் உள்ள மணல்துகள் கீறிவிடும். கருவியின் தூசி இன்னும் சில மாதம் காத்திருக்கும். அதைப் பழுதுபார்த்த முதியவர் எவரேனும் அந்த ஊரில் இருந்தால், முதலில் அவரைத் தேடிப் போங்கள். அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.