கொச்சியின் பெயர் தாங்கிய கோழி

கோழி இனங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல் எதனைப் புரட்டினாலும் 'கொச்சின்' என்னும் பெயரைக் காணலாம். பருத்த உடல், விரல் நுனிவரை இறகு மூடிய கால்கள், பஞ்சுப் பொதி போன்ற பின்புறம், ஒற்றைக் கொண்டை, இறகை விலக்கிப் பார்த்தால் மஞ்சள் நிறமான கணைக்கால் ஆகியவை இவ்வினத்தின் அடையாளங்கள். பெயரைக் கேட்டவுடன் நம் உள்ளம் மட்டாஞ்சேரிக்குச் செல்கிறது. மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளும், காயலோரத்துக் கடைத்தெருவும், பழைய அரண்மனையும் கண்முன் தோன்றுகின்றன. ஆயினும் இக்கோழி மட்டாஞ்சேரியில் பிறந்ததன்று. பிறவா ஊரின் பெயர் அதற்கு வந்தது எப்படி? அந்தப் பெயரில் கொச்சிக்கு உரிமை சிறிதேனும் உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும்போது, இறகின் அழகுக்காக உயிரினங்களை வளர்ப்பதன் ஆதாயமும் நட்டமும், குஞ்சுகளின் ஊட்டத்தைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறும் உடன் விளங்கும்.

பெயரின் கதையை முதலில் காண்போம். போர்த்துகீசியர் 1500ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்து வாணிகம் தொடங்கினர். பின்னர் அவர்கள் மலாக்காவையும் கடந்து கீழைக் கடல்களுக்குச் சென்றபோது, இன்றைய வியட்நாம் நாட்டை மலாய் மக்கள் 'குச்சி' என்று வழங்கக் கேட்டனர். அது சீனர் வைத்த பழம் பெயரின் மரூஉ ஆகும். கேரளத்துக் கொச்சி ஒன்று தமக்கு ஏற்கெனவே தெரியும் ஆதலால், குழப்பம் நேராவண்ணம் மற்றதைச் சீனத்தை அடுத்த கொச்சி என்னும் பொருளில் 'கொச்சின் சீனா' என்று அழைக்கலாயினர். ஆகவே அத்தொடரின் இரண்டாம் சொல்லே இரு நாடுகளையும் பிரித்துக் காட்டும் வேலி. நாளடைவில் ஐரோப்பியக் கோழி வளர்ப்போர் சுருக்கம் கருதி அந்த வேலியை நீக்கிவிட்டனர். 'கொச்சின் சீனாக் கோழி' வெறும் 'கொச்சின்' ஆயிற்று. கேட்போர் அதனை நம் கொச்சிக்கு உரியதாக எண்ணத் தலைப்பட்டனர்.

இன்னும் வியப்பு என்னவென்றால், அக்கோழி கொச்சின் சீனாவிலிருந்து வந்ததும் அன்று. 1842ஆம் ஆண்டின் நான்கிங் உடன்படிக்கையால் சீனாவின் ஐந்து துறைமுகங்கள் ஆங்கில வாணிகத்துக்குத் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான ஷாங்காயிலிருந்தே இப்பெரிய கோழிகள் கப்பலேறின. அதற்குச் சற்று முன்பின்னாக விக்டோரியா அரசியாரின் வின்சர் கோழிக்கூடத்துக்கு வேறு சில பெருங்கோழிகள் 'கொச்சின் சீனா' என்னும் பெயருடன் வந்திருந்தன. அவற்றின் கால்களில் இறகு இல்லை. பின்னர் ஷாங்காயிலிருந்து வந்த இறகுக்கால் கோழிகளுக்கும் அரண்மனைப் பெயரே ஒட்டிக்கொண்டது. 'ஷாங்காய்க் கோழி' என்பதே சரியான பெயர் என்று அக்காலத்திலேயே சிலர் வாதாடினர். சந்தையில் அவர்கள் குரல் எடுபடவில்லை.

மட்டாஞ்சேரியும் அதன் சுற்றுப்புறமும் அறிந்தவர்கள் இதில் ஒரு வேடிக்கையைக் காண்பார்கள். அங்கே நீரோரத்தில் நிற்பது சீன வலை. அடுப்பில் ஏறுவது சீனச் சட்டி. ஊறுகாய் வைப்பது சீனப் பரணி. பரதேசி யூதர் கோயிலின் தரையில் பதித்திருப்பவை சீனத்திலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள். கொச்சி தான் பெற்ற பொருள்களுக்குச் சீனத்தின் பெயரை மறவாமல் வைத்தது. சீனத்துக் கோழிக்கோ உலகம் கொச்சியின் பெயரை வைத்தது! பிறர் இட்ட பெயரைச் சுமப்பது நம்மவர்க்கும் புதிதன்று. விந்தியத்துக்கு வடக்கே குடியேறிய தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் அனைவரும் 'மதராசி' என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டதை நாம் அறிவோம். பெயர் அழைப்பவரின் அறிவின் அளவைக் காட்டுவது; அழைக்கப்படுபவரின் பிறப்பை அறிய வேறு சான்று வேண்டும்.

இக்கோழிகள் மேல்நாட்டில் எழுப்பிய பரபரப்பு பெரிது. 1849ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலும், 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலும் நடந்த கண்காட்சிகளில் மக்கள் திரண்டனர். சிறு கோழிகளையே கண்டு பழகிய கண்களுக்கு இவை ஆட்டுக்குட்டிகள் போலத் தோன்றின. பழுப்பு ஓடுடைய முட்டையும், குளிர்காலத்தில் இடும் இயல்பும், சாதுவான குணமும் அவற்றின் மதிப்பை உயர்த்தின. ஓரிணைக்குக் கொடுத்த விலை நகைப்புக்கிடமாகும் அளவு ஏறியது. அமெரிக்காவில் அக்கோழிகளை விற்றுப் பொருளீட்டிய பர்னாம் என்பவரே, சந்தை சரிந்தபின் 1855ஆம் ஆண்டில், 'கோழிப் பித்தின் வரலாறு' என்று எள்ளல் நிறைந்த நூலொன்றை வெளியிட்டார். பிரமபுத்திரா நதியின் பெயரைச் சூட்டிப் பின்னர் 'பிரமா' என்று சுருக்கப்பட்ட மற்றோர் இனமும் அந்நாளில் புகழ் பெற்றதே. தூர தேசத்துப் பெயர் ஒன்றிருந்தால் விலை ஏறும் என்பதை வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர்.

பித்துத் தெளிந்த பிறகும் ஒரு தீங்கு நிலைத்தது. கண்காட்சிகளில் பரிசு வழங்க அளவுகோல் வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1865ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் 1874ஆம் ஆண்டிலும் இனவாரியாக இலக்கண நூல்கள் வெளியாயின. கொச்சின் இனத்தில் சந்தன மஞ்சள், கௌதாரி நிறம், வெள்ளை, கறுப்பு என நிறங்கள் வகுக்கப்பட்டன. ஓர் இறகில் வேற்று நிறம் கலந்தாலும் மதிப்பெண் குறைந்தது. கால் இறகு மிகுந்தால், பின்புறத் தூவி பொங்கினால், பரிசு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக இறகு மிக்க பறவைகளையே தேர்ந்து இனப்பெருக்கத்துக்கு வைத்தனர். முட்டையின் எண்ணிக்கையை எவரும் மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை. விளைவு என்ன? எந்த முட்டை வளத்துக்காக அக்கோழி முதலில் போற்றப்பட்டதோ, அந்த வளம் குன்றியது. கொச்சின் பண்ணைக்கோழி என்னும் நிலை இழந்து அலங்காரக்கோழி ஆயிற்று. எதனைத் தேர்கிறோமோ அது வளரும். எதனைக் கவனியாது விடுகிறோமோ அது தேயும். இனப்பெருக்கத்தில் இதனினும் உறுதியான விதி வேறில்லை.

நிறத்தின் மீது கொண்ட அந்த ஆர்வம் அறிவியலுக்கு நன்மையும் செய்தது. மெண்டல் கண்ட மரபு விதிகள் விலங்குலகுக்கும் பொருந்தும் என்பதை 1902ஆம் ஆண்டில் பேட்சன் கோழிகளைக் கொண்டே காட்டினார். ஆண்டலூசியன் என்னும் நீலநிறக் கோழியை எடுத்துக்கொள்வோம். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் இணைத்தால் குஞ்சுகளில் பாதியே நீலமாகும்; கால்பங்கு கறுப்பாகவும், கால்பங்கு புள்ளி விழுந்த வெள்ளையாகவும் பிறக்கும். எத்தனை தலைமுறை முயன்றாலும் நீலம் தூய்மையாக நிற்காது. ஆனால் கறுப்பையும் புள்ளி வெள்ளையையும் இணைத்தால் குஞ்சுகள் எல்லாம் நீலமாகும்! முதல் உலகப் போரின்போது தீவனம் அரிதாயிற்று. முட்டையிடாத ஆண்குஞ்சுகளை முதல் நாளே பிரித்தறிய, நிறத்தைக் கருவியாக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் அறிஞர் பன்னெட் எடுத்துரைத்தார். பொன்னிற மரபுடைய சேவலை வெள்ளிநிற மரபுடைய பெட்டையோடு இணைத்தால், ஆண்குஞ்சுகள் தாயைப்போல வெளிறியும், பெண்குஞ்சுகள் தந்தையைப்போலப் பொன்னிறமாகவும் பிறக்கின்றன. அழகுக்கு மட்டும் என்றிருந்த நிறம் இவ்வாறு பயனுக்கு உரியதாயிற்று.

ஆயினும் பிறப்பு நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, ஊட்டமும் வேண்டும். பொரிக்கும் தறுவாயில் குஞ்சு தன் வயிற்றுள் மஞ்சள்கருவின் எச்சத்தை இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோற்றைக் கொண்டு இரண்டு மூன்று நாள் உணவின்றி உயிர் தாங்கும். ஒரு நாள் குஞ்சுகளைப் புகைவண்டியில் தொலைவூர்களுக்கு அனுப்ப முடிவது இதனால்தான். அதன் பின் ஊட்டத்தில் குறை நேர்ந்தால் இறகே முதலில் காட்டிக்கொடுக்கும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. கந்தகம் சேர்ந்த புரதக்கூறுகள் அதற்கு மிகுதியாக வேண்டும். கொச்சின் போன்ற கனத்த இனங்களின் குஞ்சுகளுக்கு இறகு மெதுவாகவே முளைக்கும். வளர்ந்தபின் பஞ்சணை போர்த்தி நிற்கும் அக்கோழி, குஞ்சுப் பருவத்தில் நெடுநாள் அரைமேனியாகத் திரியும். ஆகவே முதல் வாரத்தில் 35 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் தந்து, வாரந்தோறும் சிறிது குறைத்து, இறகு மூடும்வரை அதனைக் காக்கவேண்டும்.

அரிசி உண்ணும் நாட்டார்க்குக் கோழி கற்பித்த பாடமும் ஒன்று உண்டு. 1890ஆம் ஆண்டை ஒட்டி ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மான் ஆய்வுக்கெனக் கோழிகள் வளர்த்தார். இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய, நன்கு தீட்டிய அரிசியின் சோறு அவற்றுக்கு இடப்பட்டது. கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்தார்; தீட்டாத அரிசி போடப்பட்டது; கோழிகள் எழுந்து நடந்தன! தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று உயிருக்கு இன்றியமையாதது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. அதுவே இன்று நாம் தயாமின் என்று கூறும் உயிர்ச்சத்து. ஐக்மானுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. குஞ்சுக்கு வெறும் நொய் மட்டும் இறைக்காமல் தவிடும் பிண்ணாக்கும் கலந்து கொடுத்த நம் பாட்டிமாரின் வழக்கத்துக்கு அதுவே நற்சான்று. புரதத்துக்கு மீன்தூள் சிறந்தது. கொச்சி போன்ற கடற்கரை ஊர்களில் அது எளிதிற் கிடைக்கும். ஆனால் உப்பிட்ட கருவாட்டைப் பொடித்து இடுதல் கூடாது. மிகுந்த உப்பு குஞ்சுகளைக் கொன்றுவிடும். வெயில் படாத கூட்டில் அடைத்த குஞ்சுகளின் கால் எலும்பு வளையும் என்பதையும், சூரிய ஒளியோ மீன் எண்ணெயோ அதனை நீக்கும் என்பதையும் 1920களின் ஆராய்ச்சிகள் நிலைநாட்டின.

இனி, முதலில் எழுப்பிய இரண்டாம் வினாவுக்கு வருவோம். கொச்சின் கோழியில் நம் நாட்டுக்கு உரிமை உண்டா? அதன் மஞ்சள் காலே விடை கூறுகிறது. இந்தியாவிலும் சீனத்திலும் பயணம் செய்த பிரெஞ்சு இயற்கையறிஞர் சொன்னேரா, 1782ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில், தென்னிந்தியச் சாம்பல்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை என்று கருதினார். கொச்சிக்குக் கிழக்கே எழும் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் இன்றும் கூவும் பறவை அது. 1868ஆம் ஆண்டில் டார்வின் அக்கருத்தை ஏற்காது, செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்றார். நூற்றாண்டுக்கும் மேலாக அறிஞர் அவர் வழி நின்றனர். 2008ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டனர். வீட்டுக்கோழியின் உடல் பெரும்பாலும் செந்நிறக் காட்டுக்கோழி வழிப்பட்டதாயினும், மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பல்நிறக் காட்டுக்கோழியினின்று வந்தது என்று கண்டனர். சொன்னேராவும் முற்றிலும் பிழைபட்டவர் அல்லர்.

அச்சாம்பல்நிறக் கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரியது. எனவே ஷாங்காயில் கப்பலேறிய கோழியின் காலில், என்றோ ஒரு காலத்தில் நம் மலைக்காடுகளிலிருந்து கலந்த மரபு ஒளிர்ந்தது. பெயர் பொய், கால் மெய். அந்த மஞ்சள் தானே தோன்றுவதும் அன்று. கீரையிலும் மஞ்சட் சோளத்திலும் உள்ள நிறச்சத்தை உண்டால்தான் காலில் ஏறும். தொடர்ந்து முட்டையிடும் பெட்டையின் கால் வெளிறிப்போவதைக் கொண்டு, நல்ல பெட்டையை அனுபவசாலிகள் இனங்காண்பர். குலமும் உணவும் உழைப்பும் ஒரே இடத்தில் எழுதப்பட்ட ஏடு அது.

ஷாங்காய்க் கோழியின் குருதி கலந்து அமெரிக்காவில் உருவான ரோட் ஐலண்ட் சிவப்பு இனம், விடுதலைக்குப் பின் நாட்டுக்கோழிகளைத் திருத்துவதற்காக இந்தியச் சிற்றூர்களுக்கு வந்தது. ஆக, அம்மரபு வேறு பெயருடனும் வேறு நிறத்துடனும் நம் முற்றங்களை அடைந்தது. நகர்ப்புறத்து வீட்டில் நான்கு கோழி வளர்க்க விரும்பும் அன்பர்கள் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றை மனத்திற் கொள்ளலாம். விற்பவர் கூறும் பெயருக்கு விலை கொடுக்க வேண்டாம். தாய்க்கோழி ஆண்டுக்கு எத்தனை முட்டை இட்டது என்று கேளுங்கள். குஞ்சு என்ன தின்கிறது என்று பாருங்கள். பின்னர் குனிந்து அதன் காலைக் கவனியுங்கள்.