சின்னக்காவணத்திலிருந்து பாரிஸ் வரை: ஓர் அருட்பாவின் பயணம்



நம் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணம், வள்ளலாரின் தாயார் சின்னம்மையார் பிறந்த ஊர். 1823-ல் மருதூரில் பிறந்த இராமலிங்கம் கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட, தாயார் பிள்ளைகளோடு இங்கேதான் வந்தார். சென்னை ஏழுகிணறு வாசமெல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் குழந்தை வளர்ந்து பாடிய அருட்பா ஒன்று பிரெஞ்சு இசையில் இடம் பிடித்த கதையை இன்று சொல்கிறேன்.

பிரான்சில் 'மெலோதி' என்றொரு இசை வடிவம் உண்டு. நல்ல கவிதை ஒன்றை எடுத்து, ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்குமாக இசையமைப்பார்கள். வெர்லேன், பொதலேர் போன்ற கவிஞர்களின் வரிகளுக்கு ஃபோரே, தெபுஸ்ஸி, ராவேல் இப்படி இசை அமைத்தார்கள். பியானோ அங்கே வெறும் பக்கவாத்தியம் அல்ல. பாட்டு சொல்லாமல் விட்டதை அது சொல்லும்.

ராவேலின் மாணவர் மொரிஸ் தெலாழ் (1879–1961). 1911–12-ல் இந்தியா வந்து சுற்றினார். அந்தப் பயணத்தில் பிறந்த 'நான்கு இந்தியக் கவிதைகள்' 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறியது. அதில் ஒரு பாட்டின் பெயரே 'மதராஸ்'. ஆனால் அதில் தமிழ் கிடையாது. வடமொழிக் கவி பர்த்ருஹரியின் பாடல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வருகிறது.

தமிழ் வந்தது 'ராகமாலிகை' என்ற இன்னொரு பாட்டில். அதன் மூலம் ஒரு கிராமபோன் தட்டு. பாடியவர் கோயம்புத்தூர் தாயி (1872–1917). இயற்பெயர் பழனிகுஞ்சரம், தேவதாசி மரபில் வந்தவர், இசைத்தட்டின் தொடக்க காலத்திலேயே புகழ் பெற்றவர். அவர் ராகம் மாற்றி மாற்றிப் பாடிய வள்ளலாரின் அருட்பாவைக் கேட்டு, குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதினார் தெலாழ். சொற்களைப் பிரெஞ்சில் பெயர்க்காமல் தமிழாகவே வைத்தார்.

சிக்கல் பியானோவில்தான். ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரம். வயலினைப் போல வழுக்கிச் செல்ல முடியாது. நம் கமகத்துக்கு அதில் வழி இல்லை. மிருதங்க ஒலியும் வராது. தெலாழ் என்ன செய்தார் தெரியுமா? ஒரு குறிப்பிட்ட தந்திக்கு அடியில் அட்டைத்துண்டைச் செருகச் சொன்னார். நாதம் மழுங்கி, தோல் வாத்தியம் போல ஒலித்தது! பியானோவுக்குள் பொருள்களை வைத்து வாசிக்கும் உத்திக்கு அமெரிக்கர் ஜான் கேஜ் பெயர் பெற்றது 1940-ஐ ஒட்டித்தான். அதற்கு வெகுகாலம் முன்பே நம் தாளத்தைத் தேடிப் பிறந்தது அந்த அட்டை.

மேலை இசை நூல்களில் இந்தப் பாட்டு தெலாழின் படைப்பு. அது நியாயம்தான், உழைப்பு அவருடையது. ஆனால் எந்த ராகத்திலிருந்து எந்த ராகத்துக்குப் போவது, எந்தச் சொல்லில் நிற்பது என்று முதலில் முடிவு செய்தவர் தாயி. ஜான் பாஸ்லர் போன்ற ஆய்வாளர்கள் தட்டையும் அச்சிட்ட இசையையும் ஒப்பிட்ட பிறகே அந்தப் பங்கு வெளியே தெரிந்தது. நம் ஊரிலோ அவர் பெயரை இன்று சொல்பவர் குறைவு.

கவிதை வள்ளலாருடையது, குரல் தாயியுடையது, பியானோ தெலாழுடையது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது மூன்று பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். தாயியின் பழைய தட்டுகள் சில இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் அவரைக் கேளுங்கள். பிறகு பாரிஸுக்குப் போகலாம்.