வெட்டிய சட்டகத்துக்கு வெளியே ஓர் ஊர்: கோபிநத்தமும் திரைப்பிடிப்பின் வரலாறும்

காவிரியின் கரையோரம், ஒகேனக்கல்லிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில், கர்நாடகத்தின் எல்லைக்குள் அமைந்துள்ள தமிழ் பேசும் ஊர் கோபிநத்தம். அது உள்ளடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1997 வரை மைசூர் மாவட்டத்திலும், அதன்பின் புதிதாகப் பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்திலும் இருந்துவருகிறது. இடம்பெயராமலேயே மாநிலமும் மாவட்டமும் மாறிய இவ்வூரின் வரலாறு பொது நினைவில் ஒரே ஒரு முகமாகச் சுருங்கிவிட்டது. 1952-இல் இங்குப் பிறந்த வீரப்பனின் முகம் அது.

இந்தச் சுருக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்ற வினாவுக்குக் காடு, சந்தனம், யானைத் தந்தம், காவல் நடவடிக்கை ஆகியவற்றின் வழியே விடை தேடிய நூல்கள் பல உண்டு. படங்களின் வழியே விடை தேடுவது குறைவு. இன்று கைப்பேசியில் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தித் திரையைப் படமாக்கி, ஓரங்களை வெட்டி, ஒளியைக் கூட்டிப் பகிரும் எளிய செயலுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கோபிநத்தம் ஒரு தக்க சான்று.

1986-இல் வீரப்பன் கைது செய்யப்பட்டுக் காவலிலிருந்து தப்பினார். அதன்பின் ஏழாண்டுகள் அவருடைய புதிய படம் எதுவும் பொதுவெளியில் இல்லை. தேடுவோரிடம் இருந்தது பழைய தோற்றம் மட்டுமே. 1993-இல் நக்கீரன் இதழின் செய்தியாளர் சிவசுப்பிரமணியம் காட்டுக்குள் சென்று நேர்காணலுடனும் ஒளிப்படங்களுடனும் திரும்பியபோதுதான் அந்த இடைவெளி நிரம்பியது. 22 பேரின் உயிரைப் பறித்த பாலாறு கண்ணிவெடித் தாக்குதல் நிகழ்ந்ததும் அதே ஆண்டின் ஏப்ரல் மாதத்தில்தான். பின்னர், 1990-களின் நடுப்பகுதியில், அதே இதழின் குழுவினர் ஒளிநாடாக்களைப் பதிவுசெய்து கொண்டுவந்தனர். பெருமீசையும் பச்சை உடையும் துப்பாக்கியும் கொண்ட தோற்றம் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் வீடுதோறும் அறிமுகமாயிற்று.

ஒளிநாடாவின் தன்மையை இங்கே சற்று விளக்குவது தகும். இந்தியாவில் வழங்கிய பால் ஒளிபரப்பு முறையில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள். ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளுமாக, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவாகும் இரு பாதிகளால் ஆனது. எனவே ஒரு மணி நேர நாடாவில் 90,000 சட்டகங்கள் அடங்கும். அவற்றுள் ஒன்றை நிறுத்திப் படமாக எடுத்தால், அசையும் கையின் விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரியும். அக்கோடுகள் குறையல்ல. அந்தப் படம் நாடாவிலிருந்து பெறப்பட்டது என்பதற்கான அடையாளம் அவை. இன்றைய கைப்பேசியின் ‘தானாக மேம்படுத்து’ வகை வசதிகள் இத்தகைய கோடுகளை மழுக்கும்போது, படம் அழகாகிறது; அதன் பிறப்புச் சான்று அழிகிறது.

90,000 சட்டகங்களில் எது நிலைப்படமாகிறது என்பது தேர்வு. உட்கார்ந்து பேசுபவர், சிரிப்பவர், சலிப்படைபவர், உடனிருப்போரிடம் ஏதோ கேட்பவர் என ஒரே மனிதரின் பல நிலைகள் நாடாவில் இருக்கும். நிலைப்படம் அவற்றுள் ஒன்றை மட்டும் நிரந்தரமாக்குகிறது. இத்தகைய தேர்வின் விளைவு 2004 அக்டோபர் 18 அன்று வெளிப்பட்டது. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே சிறப்பு அதிரடிப்படையினரால் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்ட பின் வெளியான படத்தில் அந்தப் பெருமீசை இல்லை. கண் சிகிச்சைக்காகக் காட்டைவிட்டு வெளியே வந்தபோது அடையாளம் மறைக்க மீசை குறைக்கப்பட்டிருந்தது என்பது விளக்கம். ஆயினும், இறந்தவர் அவர்தானா என்ற ஐயம் பலரிடம் எழுந்தது. ஒரு மனிதரின் உடலைவிட, ஆண்டுக்கணக்காகச் சுற்றிவந்த படத்தையே மக்கள் மூலமாகக் கொண்டிருந்தனர் என்பதை இது காட்டுகிறது.

கோபிநத்தத்தில் முற்றிலும் வேறான இன்னொரு பட வழக்கமும் உண்டு. ஆந்திரத்தைச் சேர்ந்த வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் இவ்வூரில் தங்கி, மக்களின் நம்பிக்கையைப் பெற்று, மாரியம்மன் கோயில் எழுப்ப உதவியவர். சரணடைவதாகச் சொல்லி அழைக்கப்பட்டு, ஆயுதமின்றிச் சென்ற அவர் 1991 நவம்பர் 10 அன்று வீரப்பனால் கொல்லப்பட்டார். இறப்புக்குப் பின் கீர்த்தி சக்ரா விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய உருவப்படத்தை ஊரார் இன்றும் போற்றி வணங்குகின்றனர். அந்தப் படம் யாருடையது, ஏன் வைக்கப்பட்டது என்பதை ஊரார் சொல்ல முடியும். படத்தோடு கதையும் சேர்ந்தே நிற்கிறது. இணையத்தில் உலவும் முகத்துக்கோ அத்தகைய துணை எதுவும் இல்லை. எந்த நாடா, எந்த நாள், யார் எடுத்தது, படத்தின் ஓரத்தில் நின்றவர் யார் என்ற எதுவும் அதனுடன் வருவதில்லை.

படத்தையும் கதையையும் பிரிக்கும் செயலைக் கைப்பேசி தொடங்கிவைக்கவில்லை, எளிதாக்கியது. 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினியில் ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசை திரையின் எழுத்துகளை அச்சுப்பொறிக்கு அனுப்பியது. பின்னர் விண்டோஸ் இயங்குதளத்தில் அதே விசை திரையின் படத்தைக் கணினியின் தற்காலிக நினைவில் வைத்தது. 2007-இல் வெளியான விண்டோஸ் விஸ்டாவில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் ‘ஸ்னிப்பிங் டூல்’ உடன் வந்தது. ஐஃபோனில் 2008-இலும், ஆண்ட்ராய்டில் 2011-இன் நான்காம் பதிப்பிலும் திரைப்பிடிப்பு உள்ளமைந்த வசதியாயிற்று. தனி மென்பொருளும் பயிற்சியும் தேவைப்பட்ட வேலை, எவரும் ஒரு நொடியில் செய்யும் கைப்பழக்கமாக மாறியது.

ஸ்கிரீன்ஷாட் எனப்படும் திரைப்பிடிப்பை நகல் என்று கருதுவதே ஆய்வில் நேரும் முதற்பிழை. அது நகலன்று, புதிய ஆவணம். மூலப் படக்கோப்பில் எடுத்த நாள், கருவி, சில வேளைகளில் இடம் ஆகிய குறிப்புகள் உட்பொதிந்திருக்கும். திரைப்பிடிப்பில் அவை எதுவும் வருவதில்லை. அதில் பதிவாகும் நாளும் நேரமும் பொத்தானை அழுத்தியவரின் கருவிக்குரியவை. 1990-களின் நாடாக் காட்சி ஒன்று நேற்றைய தேதியிட்ட கோப்பாகிறது. அது வாட்ஸ்அப் வழியே படமாகப் பகிரப்படும்போது மீண்டும் சுருக்கப்பட்டு, எஞ்சிய குறிப்புகளையும் இழக்கிறது. அச்சு இதழ்களின் காலத்திலும் படங்கள் வெட்டப்பட்டன. ஆனால் படப்பிரதியின் மேல் மெழுகுப் பென்சிலால் எல்லை குறிக்கப்பட்டது. வெட்டப்படாத பிரதி அலமாரியில் கிடந்தது. எதை விட்டோம் என்பதைப் பின்னர் வருபவர் காண முடிந்தது. கைப்பேசியில் வெட்டிய படம் மட்டுமே பயணம் செய்கிறது.

இந்த முகம் 2023-இல் மீண்டும் திரைக்கு வந்தது. செல்வமணி செல்வராஜ் இயக்கிய ‘த ஹண்ட் ஃபார் வீரப்பன்’ ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸிலும், நக்கீரன் ஒளிநாடாக்களை அடிப்படையாகக் கொண்ட ‘கூச முனிசாமி வீரப்பன்’ டிசம்பரில் ஜீ5 தளத்திலும் வெளியாயின. காப்புரிமைப் பாதுகாப்புள்ள இத்தகைய தளங்களின் காட்சியைக் கைப்பேசியில் பிடிக்க முயன்றால் பெரும்பாலும் கரிய திரையே கிடைக்கும். ஆகவே ஒரு கைப்பேசியின் திரையை மற்றொரு கைப்பேசியால் படமெடுப்பது வழக்கமாயிற்று. நாடா, எண்ணிம மாற்றம், தொகுப்பு, இணைய ஒளிபரப்பு, திரை, மறுபடம், வெட்டல் எனப் பல அடுக்குகளைக் கடந்து வரும் அந்தப் படத்தின் கீழ் ‘அரிய படம்’ என்று மட்டுமே எழுதப்படுகிறது.

வெட்டும்போது விடுபடுவது எது என்பதே வரலாற்று மாணவருக்கு முதன்மையான கேள்வி. நடுவிலிருக்கும் முகம் எப்போதும் தப்பிவிடும், ஓரங்களே போகும். கோபிநத்தத்தைப் பொறுத்தவரை ஓரங்களில் இருப்பது ஊர். காட்டுக்கும் காவல் முகாமுக்கும் இடையே சிக்கிய எல்லைக் கிராம மக்களில் பலர் தடாச் சட்டத்தின்கீழ்ச் சிறைவைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கான சிறைவாசத்துக்குப் பின், 2001-இல் மைசூர் தடா நீதிமன்றத்தின் தீர்ப்பில்தான் விடுதலையாயினர். இரு மாநில அதிரடிப்படைகள் மீதான சித்திரவதைப் புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. இம்மக்களின் துயரம் வாக்குமூலமாகவும் மனுவாகவும் தாளில் இருக்கிறது. உலவும் படமாக இல்லை. படமுள்ளதை வரலாறு என்றும், படமில்லாததை வெறும் புகார் என்றும் கொள்ளும் மனப்பழக்கம் இந்த ஏற்றத்தாழ்வை மேலும் ஆழமாக்குகிறது.

2021 முதல் கைப்பேசிகளில் பரவலாகிவரும் ‘மேஜிக் இரேசர்’ போன்ற அழிப்பான்கள் இதில் இன்னொரு படி. பின்னணியில் நிற்பவரை ‘இடையூறு’ என்று கருவியே சுட்டிக்காட்டி, நீக்கிய இடத்தைக் கற்பனைப் புல்லாலும் மண்ணாலும் நிரப்புகிறது. சுற்றுலாப் படத்தில் அது வசதி. ஒரு காட்டுக் கிராமத்தின் பழைய படத்தில், அன்று அங்கே நின்றிருந்த ஒருவரின் இருப்புக்கான ஒரே சான்றை அது துடைத்துவிடக்கூடும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் இடர் உண்டு. ஆய்வாளர் சில வேளைகளில் வெட்டியே ஆக வேண்டும். சித்திரவதை பற்றிச் சாட்சியம் சொன்னவரின் பெயர், முகவரி, முகம் ஆகியவற்றை மறைப்பது கடமை. அங்கு இக்கருவிகளை நம்பியிருப்பது தவறாகலாம். 2018 முதல் பிக்சல் கைப்பேசிகளில் இருந்த ‘மார்க்அப்’ கருவியால் வெட்டிச் சேமித்த பல படங்களில், வெட்டப்பட்ட பகுதியின் தரவு கோப்பின் இறுதியில் அப்படியே கிடந்ததைச் சைமன் ஆரன்ஸ், டேவிட் புகானன் ஆகியோர் கண்டறிந்து 2023 மார்ச்சில் வெளியிட்டனர். சில நாள்களில் விண்டோஸின் வெட்டுக் கருவியிலும் அதே வகைக் குறை தெரியவந்தது. இரண்டும் திருத்தப்பட்டன, ஆனால் அதற்கு முன் பகிரப்பட்ட படங்களை அத்திருத்தம் காப்பாற்றாது. ஒளிபுகும் தன்மையுள்ள குறிப்பான் பேனாவால் பெயரின்மேல் கறுப்புத் தீட்டினால், வெளிச்ச அளவைக் கூட்டியதும் எழுத்துகள் மீண்டும் தெரிவதுண்டு. காக்க வேண்டிய ஓரத்தை அழித்தும், அழிக்க வேண்டிய ஓரத்தைக் காத்தும் வைக்கும் முரண் இது.

சட்டம் இந்த வேறுபாட்டை வரலாற்றுத் துறைக்கு முன்பே உணர்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 வழியாக இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65ஆ பிரிவு சேர்க்கப்பட்டது. மின்னணுப் பதிவின் நகலுக்கு அப்பிரிவின்படியான சான்றிதழ் தேவை என்பதை 2014-இல் அன்வர் வழக்கிலும், 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுக்குரிய சான்றிதழ்ப் படிவம், கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிப்பிடக் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நீதிமன்றம் கேட்கும் இந்த அளவு கவனத்தை ஆய்வேட்டின் படப் பின்னிணைப்பும் கேட்பது முறையே.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. காட்சியொன்றைத் திரைப்பிடிப்பாக எடுக்கும்போது முழுத்திரையையும் முதலில் காத்து, வெட்டுவதைத் தனிப்பிரதியில் மட்டும் செய்யலாம். எந்தப் படம், எத்தனையாம் நிமிடம், எத்தனையாம் நொடி, எந்தத் தளம், எந்த நாளில் பிடிக்கப்பட்டது என்பதை உடனே குறிக்கலாம். கூர்மை, ஒளி, நிறம் ஆகியவற்றில் செய்த மாற்றங்களைப் படக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லலாம். முகத்தையும் பெயரையும் மறைக்க வேண்டிய இடத்தில் ஒளிபுகாத கட்டத்தை இட்டு, அந்தப் படத்தைப் புதிய கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு கருவியில் திறந்து சோதிக்கலாம். ‘இணையத்திலிருந்து’ என்பது எவ்வகையிலும் மூலக்குறிப்பு ஆகாது.

கோபிநத்தத்தின் எல்லையை 1956-இல் வரைபடத்தின் மேல் இட்ட கோடு மாற்றியது. அதன் நினைவின் எல்லையை இன்று கைப்பேசித் திரையில் விரலால் இழுக்கப்படும் நாற்கோணம் மாற்றிக்கொண்டிருக்கிறது. முதற்கோட்டுக்கு அரசாணையும் தேதியும் உண்டு. இரண்டாவதற்கு அவை இல்லை. எங்கே வெட்டினோம், எதை விட்டோம் என்று எழுதிவைக்கும் சிறு குறிப்பே, சட்டகத்துக்கு வெளியே நிற்கும் ஊர் மீண்டும் உள்ளே வருவதற்கான வழி.