காது பழகும் காலம்

புது ஹெட்போனைத் தலையில் மாட்டியதும், பாட்டைப் போடுவதற்கு முன்பே, என் மூச்சு எனக்குக் கேட்டது. கிண்ணங்கள் இரண்டும் காதைச் சுற்றி உட்கார்ந்த கணத்தில் தெருவில் போன ஆட்டோ தூரத்துக்குப் போய்விட்டது. அடுக்களைக் குக்கர் விசில் அடுத்த வீட்டு விசில்போல ஆனது. விழுங்கிய எச்சில் மட்டும் காதுக்குள்ளேயே இறங்கியது. கறுப்பு நிறம், கால் கிலோவுக்கு மேல் கனம், முதுகில் ஒரு துளைகூட இல்லாத பிளாஸ்டிக் மூடி. கடையில் இதைக் ‘குளோஸ்டு பேக்’ என்கிறார்கள். பத்தே நிமிஷத்தில் உச்சந்தலை வலித்தது. மூக்குக்கண்ணாடிக் கம்பி அழுந்தி, காதின் மேல் மடிப்பு எரிந்தது. கழற்றி மேசையில் வைத்தபோது 1977-ஆம் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வருஷம் ஆனி மாதத்தில்தான் தென்மாவட்டத்து ஊர் ஒன்றின் டிரங்க் எக்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி 1960-லேயே கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊர் வியாபாரி மதராசுக்குப் பேச வேண்டுமானால் அப்போதும் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அவசரத்துக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத் தர வேண்டுமென்றால் அது பி.பி. கால். மூன்று நிமிஷம் முடிந்ததும் இடையில் புகுந்து சொல்ல வேண்டியது எங்கள் வேலை.

அந்த வேலைக்கான கருவிதான் ஹெட்செட். எங்கள் வாயில் அது வெறும் ‘செட்டு’. தலைக்கு மேல் எஃகுப் பட்டை, ஒரு காதுக்கு மட்டும் கறுப்பு வட்டு, வாய்க்கு எதிரே ஒரு கொம்பு. மறு காது திறந்தே இருக்கும். சூப்பர்வைசர் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே. முதல் வாரம் இடது காது சிவந்து வீங்கியது. பட்டையில் முடி சிக்கும். இராத்திரி படுத்தால் அந்தப் பக்கம் தலை சாய்க்க முடியாது. மூன்றாம் நாள் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சுவிட்ச்போர்டில் இருந்த மூத்த அக்கா ஒருத்தி பழைய வேட்டித் துணியைக் கிழித்துப் பட்டையில் சுற்றித் தந்தாள். “ஏட்டி, பத்து நாள் பொறு. செட்டு இளகாது, காதுதான் பழகும்” என்றாள். பத்து நாளில் பழகியது.

பாட்டுக் கேட்கும் சாதனம் என்றே இன்றைக்கு ஹெட்போனை எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் பூர்வீகமோ எங்களைப்போல் கேட்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் தலையில் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் 1878-இல் முதல் பெண் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தார். போர்டில் இருக்கும் ஆளுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை பிளக்கைச் செருக, ஒரு கை டிக்கெட் எழுத. ரிசீவர் கையை விட்டுத் தலைக்கு ஏறியது அந்தத் தேவையால்தான்.

வெளிச் சத்தத்தை அடைக்க வேண்டும் என்ற யோசனையும் அந்தக் காலத்ததே. பிரெஞ்சுப் பொறியாளர் எர்னஸ்ட் மெர்காடியே 1891-இல் காப்புரிமை வாங்கிய ‘பைடெலிபோன்’ காதுத் துளைக்குள் செருகும் ஜோடி. எடை சுமார் 50 கிராம். ரப்பர் உறை போட்டு, பக்கத்து இரைச்சல் நுழையாமல் செய்திருந்தார். டெலிபோன்காரர்களுக்காகச் செய்ததுதான் அதுவும். இசைக்கென்று வந்தது லண்டனின் எலெக்ட்ரோபோன். 1895 முதல் 1925 வரை, சந்தா கட்டியவர்களுக்கு நாடக அரங்கையும் தேவாலயத்தையும் டெலிபோன் கம்பி வழியே வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஆண்டுச் சந்தா 5 பவுண்டு. ஆகவே பணக்காரர்களின் பொழுதுபோக்கு. காதில் வைக்கும் கருவியைக் கைப்பிடியால் பிடித்துக்கொண்டே கேட்டார்கள்.

இன்றைய வடிவத்தின் மூலவர் என்றால் நதானியேல் பால்ட்வின்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர், மார்மன் மதத்தவர். பெரிய தேவாலயக் கூடத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழாததால் ஒலியைப் பெருக்கும் கருவி செய்ய இறங்கியவர். 1910-இல் தாம் செய்த ஜோடி ஒன்றை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கூட வந்த கடிதம் வண்ணத்தாளில் ஊதா மையால் எழுதியிருந்ததாம். அதிகாரிகள் பெரிய நம்பிக்கை இல்லாமல்தான் சோதித்தார்கள். கையிலிருந்த எல்லாவற்றையும்விட இது நுட்பமாகக் கேட்டது. ஒவ்வொரு காதுக் கிண்ணத்துக்குள்ளும் ஏறக்குறைய ஒரு மைல் நீளச் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. கடற்படை ஆர்டர் கொடுத்தபோது, ஒரு தடவைக்குப் பத்துதான் முடியும் என்றார். தம் வீட்டு அடுக்களையில் செய்துகொண்டிருந்தார் மனிதர்!

கடற்படையிலிருந்து வந்த குறை என்ன தெரியுமா? தலைப்பட்டை வசதியாக இல்லை என்பது. பால்ட்வின் அதை மாற்றி, தோல் சுற்றிய இரண்டு கம்பிகளை வளைத்து, கிண்ணங்கள் மேலும் கீழும் நகரும்படி செய்தார். காப்புரிமை வாங்கச் சொன்னதற்கு, இது அற்பமான விஷயம் என்று மறுத்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு வேட்டித் துணி சுற்றித் தந்த அக்காதான் கண்ணில் நின்றாள். சத்தம் எவ்வளவு நன்றாயிருந்தாலும், தலை ஒப்புக்கொண்டால்தான் காதுக்குப் போய்ச் சேரும்.

ஜெர்மனியில் ஓய்கன் பேயர் நிறுவனம் 1937-இல் டி.டி.48 என்ற டைனமிக் ஹெட்போனைக் கொண்டுவந்தது. ஸ்பீக்கரில் உள்ளதுபோலக் காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் அசைந்து சவ்வை ஆட்டும் முறை அது. இன்று கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை அந்த முறையில்தான் ஓடுகின்றன.

வீட்டு இசைக்கு வாசல் திறந்தது 1958-இல். மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், அதற்கு முன் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டி.வி. வாடகைக்கு விட்டவர். மார்ட்டின் லாங்கே என்ற பொறியாளருடன் சேர்ந்து, கையில் தூக்கிச் செல்லும் ஸ்டீரியோ ரிக்கார்டு பிளேயர் ஒன்றைக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லாமல் கேட்க, சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டைக் கிண்ணங்களில் அடைத்துச் செய்த எஸ்.பி.3 என்ற ஹெட்போனும் கூடவே இருந்தது. பிளேயரைப் பார்க்க ஆளில்லை. ஹெட்போனை மாட்டிப் பார்க்கக் கூட்டம் மொய்த்தது. ஸ்டீரியோ அப்போதுதான் வந்திருந்தது. வலமும் இடமும் தனித்தனியாகக் கேட்கிற அதிசயத்தை அந்த இரண்டு கிண்ணங்கள் உடனே காட்டிவிட்டன.

பத்து வருஷம் கழித்து, 1968-இல், ஜெர்மனியின் சென்ஹைசர் எச்.டி.414 என்ற மாதிரியை முதுகைத் திறந்து விட்டது. மஞ்சள் நுரைப்பஞ்சு, லேசான எடை. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. ‘ஓபன் பேக்’, ‘குளோஸ்டு பேக்’ என்ற இரண்டு கட்சி அப்போது உண்டானது. சவ்வு அசையும்போது காற்றை முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும். பின்னால் போகிற ஒலியை வெளியே விட்டால் பாட்டு அகலமாக, அறைக்குள் கேட்பதுபோல இருக்கும். பக்கத்தில் உள்ளவருக்கும் கேட்கும். மூடி அடைத்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே உள்ளது அவ்வளவாக உள்ளே வராது. அதனால்தான் பாட்டுப் பதிவறைகள் மூடியதை விடவே இல்லை. பாடுபவர் காதிலுள்ள தாளச் சத்தம் கசிந்தால் எதிரே உள்ள மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். மூடி மட்டும் போதாத இரைச்சலும் உண்டு. 1978-இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த அமர் போஸ், விமான இரைச்சலை அதற்கு நேர்மாறான ஒலியால் அழிக்கும் கணக்கை அந்தப் பயணத்திலேயே போட்டார். வங்காளத்திலிருந்து போன விடுதலை வீரரின் மகன் அவர். அந்தக் கணக்கில் செய்த ஹெட்செட் 1989-இல் விமானிகளுக்கென்று வந்தது. முதல் பயன் இங்கேயும் வேலை செய்பவருக்கே.

என் ஹெட்போனுக்கு வருகிறேன். மாட்டிய முதல் நாள் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டேன். அவர் எங்கள் சீமைக்காரர். 1964-இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். பழைய ஒற்றைத் தடப் பதிவு. ஸ்பீக்கரில் எதிரே நின்று வாசிப்பவர், ஹெட்போனில் என் நெற்றிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போனால் மண்டையின் நடுவில்தான் கேட்கும். ஆனால் ஏமாற்றமாக இருந்தது. தவிலின் வலந்தலை படபடவென்று விழுந்தது, கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் எங்கோ போயிருந்தது. மொத்தமும் பானைக்குள் வாசித்ததுபோல.

பேரன் சொன்னான்: “ஆச்சி, ஐம்பது மணி நேரம் சும்மா பாட விட்டு வைங்க. சத்தம் திறந்துக்கிடும்.” சரியென்று பீரோவுக்குள் வைத்து, இரண்டு பகல் இரண்டு இராத்திரி விடாமல் பாட விட்டேன். எடுத்து மாட்டினேன். அதே பானை, அதே தலைவலி.

தற்செயலாகத்தான் காரணம் பிடிபட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன், தொப்பி ‘தொம்’ என்று திரும்பி வந்தது. மறுபடி மாட்டினேன், போய்விட்டது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன். கம்பி நுழையும் இடத்தில் மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே நூலளவு இடைவெளி. கனத்த ஒலி அதன் வழியாகத்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. மூடிய ஹெட்போனின் பலம் எல்லாம் அந்த அடைப்பில் இருக்கிறது.

அதன்பிறகு தினமும் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டேன். மெல்லிய கம்பியுள்ள பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டேன். தலையில் எண்ணெய் வைத்த நாளில் மாட்டவில்லை. எண்ணெய் பட்டால் மெத்தைத் தோல் உரியும். இராத்திரியில் நாலைந்து புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் பட்டையை விரித்து மாட்டி வைத்தேன். உடம்புச் சூட்டில் மெத்தை இளகி, என் தாடை எலும்பின் பள்ளமும் மேடும் அதில் பதிந்தன. பத்தாம் நாள் கண்ணாடியோடே தொப்பி கேட்டது. ராகம் தொடங்குமுன் அவர் மூச்சை இழுக்கும் சின்னச் சத்தம்கூடக் கேட்டது. அறுபது வருஷத்துக்கு முன் அடங்கிய மூச்சு. கண் நிறைந்துவிட்டது.

உள்ளே சவ்வு கொஞ்சம் இளகியிருக்கலாம், மறுக்கவில்லை. நான் கண்ட மாற்றத்தில் பெரும்பங்கு மெத்தைக்கும் பட்டைக்கும், புது ஒலியை ஏற்றுக்கொண்ட என் காதுக்கும்தான் சேரும். பீரோவுக்குள் பாடிய நாற்பத்தெட்டு மணி நேரம் செய்யாததைத் தலையில் இருந்த பத்து மணி நேரம் செய்தது.

ஒன்று மட்டும் என்றைக்கும் பழகாது. எக்சேஞ்ச் நாட்களில், மழைக்காலத்தில் டிரங்க் லைனில் இடி இறங்கும்போது ‘படார்’ என்று காதில் அறையும். செட்டைக் கழற்றுவதற்குள் அடி விழுந்திருக்கும். வருஷக்கணக்கில் வாங்கிய அடியில் என் இடது காதில் இன்றும் ஒரு ரீங்காரம் இருக்கிறது. பழகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நாளில் காது செத்துக்கொண்டிருந்தது.

ஆகவே புது ஹெட்போன் வாங்குகிற பிள்ளைகளுக்கு இந்தப் பழைய ஆபரேட்டர் சொல்வது இவ்வளவுதான். முதல் நாளே நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பத்து நாள் கொடுங்கள். கடித்தால் பட்டையைத் தளர்த்துங்கள், கண்ணாடியை மாற்றிப் பாருங்கள். சத்தம் போதவில்லை என்று மட்டும் கூட்டாதீர்கள். மூடிய ஹெட்போன் வெளி இரைச்சலை அடைப்பதே குறைத்து வைத்துக் கேட்பதற்காக. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மெத்தை உரிந்தால் கடையில் வேறு கிடைக்கும். காதுக்கு அப்படி ஒரு கடை இல்லை.