ஈஸ்தெட்டிக்: புலனறிவிலிருந்து அழகுக்கு

‘அழகியல்’ என்று தமிழில் வழங்கும் துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் ‘ஈஸ்தெட்டிக்’ என்று பெயர். புலனறிவைக் குறிக்கும் ‘ஐஸ்தேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். அந்த வேரில் அழகுக்கு இடமில்லை. அதைக் கலைக்கும் அழகுக்கும் உரிய துறைப்பெயராக்கியவர் ஜெர்மானிய அறிஞர் பௌம்கார்ட்டன். அவருடைய ‘ஈஸ்தெட்டிகா’ 1750இல் வெளிவந்தது. மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ட் (1724–1804) முதலில் இந்தப் புதிய பொருளை ஏற்கவில்லை.

அந்தச் சொல்லைப் புலனறிவுக்கே உரியதாக வைத்துக்கொண்ட கான்ட், அங்கே எடுத்துக்கொண்ட சிக்கல் இடம் பற்றியது. பொருள்கள் இல்லாவிட்டாலும் இடம் இருக்கும் என்பது நியூட்டனின் கருத்து. பொருள்களுக்கிடையிலான உறவுதான் இடம் என்றார் லைப்னிட்ஸ். 1768இல் கான்ட் நம் கைகளையே சான்றாகக் காட்டினார். இரண்டு கைகளிலும் விரல்களின் அளவு ஒன்று, வரிசை ஒன்று. ஆனாலும் இடக்கை உறை வலக்கையில் ஏறாது. உறுப்புகளின் உறவை எவ்வளவு விவரித்தாலும் இந்த வேறுபாடு அதில் அகப்படுவதில்லை. அப்போது நியூட்டன் பக்கம் சாய்ந்தவர், 1770இல் இருவரையும் விட்டு விலகினார். இடமும் காலமும் வெளியே கிடப்பவை அல்ல, நாம் எதையும் புலனால் பெறுவதற்கான வடிவங்கள் என்றார். 1781இல் வந்த ‘தூய அறிவின் விமர்சன’த்தில் இதைப் பேசும் பகுதிக்கு ‘ஈஸ்தெட்டிக்’ என்றே தலைப்பிட்டார். அதில் அழகைப் பற்றிய ஆய்வு கிடையாது. சுவையை அறிவின் விதிக்குள் அடக்கப் பார்த்தது வீண் முயற்சி என்று ஓர் அடிக்குறிப்பில் பௌம்கார்ட்டனை மறுக்கவும் செய்தார்.

ஒன்பது ஆண்டுகளில் அவரே மாறினார். 1790இல் வந்த ‘தீர்ப்புத் திறனின் விமர்சன’த்தில் அதே சொல் அழகு பற்றிய தீர்ப்பைக் குறித்தது. கேனரித் தீவு ஒயின் நன்றாக இருக்கிறது என்பவரை, ‘எனக்கு’ என்று சேர்த்துச் சொல்லுங்கள் எனத் திருத்தினால் அவர் ஒப்புக்கொள்வார். ஒன்றை அழகானது என்பவர் ‘எனக்கு அழகு’ என்று நிறுத்துவதில்லை. எல்லோரும் உடன்பட வேண்டும் என எதிர்பார்க்கிறார். ஆனால் அதற்கு நிரூபணம் தர அவரால் முடியாது. கற்பனையும் அறிவும் கட்டின்றி இசைந்து இயங்கும்போது அந்த இன்பம் பிறக்கிறது. அவ்விரண்டும் எல்லோருக்கும் பொதுவானவை என்பது கான்ட்டின் விடை. அவர் எழுதியவற்றில் மிக நுட்பமான இடம் இதுதான்.

1829இல் கணிதவியலாளர் லோபச்செவ்ஸ்கி வெளியிட்ட யூக்ளிட் அல்லாத வடிவியலும், 1915இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த பொதுச் சார்பியலும் யூக்ளிட்டின் வடிவியலையே இடத்தின் வடிவியலாகக் கொண்ட கான்ட்டின் கொள்கையை ஆட்டங்காண வைத்தன. அழகுத் தீர்ப்பு பற்றிய விவாதமோ இன்றும் அவரிடமிருந்தே தொடங்குகிறது.

கான்ட்டைத் தமிழில் படிப்போர், ‘அழகியல்’ என்ற சொல் எதிர்ப்பட்டால் எந்த நூலுக்கு உரியது என்று பார்த்துக்கொள்வது நல்லது. 1781ஆம் ஆண்டு நூலில் அதற்குப் ‘புலனறிவியல்’ என்பதே பொருந்தும்.