மலையிறக்க மிதிவண்டி

முன்னே ஃபோர்க், பின்னே ஷாக் என இரு சக்கரங்களுக்கும் அதிர்வுதாங்கி கொண்ட மலை மிதிவண்டி. டவுன்ஹில் வகையில் ஃபோர்க் சுமார் 200 மி.மீ. அமுங்கும், ஃப்ரீரைடு வகையில் 170–180. தேர்வில் ஃபிரேம் அளவே முதன்மை. அடுத்தது ஷாக்: ஏறி நின்றதும் அதன் தண்டிலுள்ள ரப்பர் வளையம், தண்டு அமுங்கும் தூரத்தில் 25–30 சதவீதம் நகர்ந்தால் ஷாக்கின் காற்றழுத்தம் ஓட்டுபவரின் எடைக்குச் சரி. பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காகவே இருக்க வேண்டும். மலிவான ‘டபுள் ஷாக்’ சைக்கிளில் பாறையிலிருந்து குதிப்பது உயிருக்கே ஆபத்து.

இத்தகைய வண்டியை ஓட்ட ஆசையூட்டுவதுபோல், விக்கிரமசிங்கபுரம் ஊருக்கு மேற்கே பாபநாசம் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஆனால் அந்தக் காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியின்றி உள்ளே வண்டி இறக்கக்கூடாது. தாமிரபரணிக் கரையின் வயல்சாலையில் தினமும் மிதிப்பவருக்கு டவுன்ஹில் வண்டி வீண்பாரம், 130–150 மி.மீ. அமுங்கும் வண்டியே ஏற்றது.